கீழக்காட்டுப் பூச்சு

தங்கையைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வரவேண்டும் என்று பூமிகா ஆசைப்பட்டபோது குறுக்கே நின்றது சம்பந்தி வீட்டாரும் அல்ல, மாப்பிள்ளையும் அல்ல. எறும்பு. அதிலும் சாதாரண எறும்பு இல்லை, முசுறு. இலைகளை நூலிழுத்துத் தைத்து மரத்தில் கூடு கட்டி, பக்கத்தில் வருகிற எதையும் கடித்து, கடிவாயில் அமிலத்தையும் பீய்ச்சுகிற சிவப்பு முசுறு. அதைப் பிடித்துக்கொண்டு போய், உடம்பையும் பெரிதாக்கி, கோபத்தையும் பெரிதாக்கி முந்திரிக்காட்டுக்குக் காவலாக விட்டிருந்தது ஒரு கம்பெனி.

ஆரம்பத்தில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முந்திரித் தளிரையும் பூவையும் சாறு உறிஞ்சிக் கருக்குகிற தேயிலைக் கொசுவை முசுறுகள் பிடித்துத் தின்று தீர்த்தன. மருந்தடிக்கிற வேலையே இல்லாமல் போனது. கிணற்றுத் தண்ணீரில் மருந்து வாடை அடிப்பது நின்றது. ஒரே தொல்லை, எது கொசு, எது கொட்டை பொறுக்க வந்த மனுஷி என்று முசுறுக்குத் தெரியாது. அதற்கும் கம்பெனியே வழி கண்டுபிடித்தது. தைலம் மாதிரி இருக்கும். காட்டில் எல்லோரும் அதைப் பூச்சு என்றார்கள். அதில் ஒரு நல்ல கிருமி. ஒரு தடவை தேய்த்துவிட்டால் தோலிலேயே குடியிருந்து, முசுறுகளின் உடம்பில் இருக்கிற அதே மெழுகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டிருக்கும். முசுறு வந்து மீசையால் தடவிப் பார்க்கும். நம்ம ஆள்தான் என்று போய்விடும்.

காடு ஒரு காலத்தில் ஒன்றாகத்தான் இருந்தது. பங்காளிகள் இருவர் சண்டை போட்டுக் கீழக்காடு, மேலக்காடு என்று பிரித்துக்கொண்டார்கள். கீழக்காட்டுக்கு ஒரு பூச்சு, மேலக்காட்டுக்கு வேறு பூச்சு. முசுறுக் கூட்டம் வேறு வேறு, அதனால் பூச்சும் வேறு என்று கம்பெனி சொன்னது. இன்னொரு காரணமும் இருந்தது, அது போகப்போகத்தான் தெரிந்தது. முன்பெல்லாம் கீழக்காட்டு மேஸ்திரி ஒரு வார்த்தை தடித்துப் பேசினால் மறுநாள் காலையில் ஆட்கள் மேலக்காட்டில் நிற்பார்கள். இப்போது அடுத்த காட்டு மரத்தடியில் கால் வைத்தால் முசுறு விடாது. வேலியில்லை, காவலாளி இல்லை, யாரையும் யாரும் கட்டிப்போடவில்லை என்று முதலாளிகள் இருவரும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டும் இருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பச்சைக் குழந்தைக்குப் பூச்சு தேய்க்கக்கூடாது, நடக்கிற வயசு வரவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதனால் பிரசவமெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பெனி கட்டிவைத்த வெளிக்கூடத்தில்தான். பெற்றவள் உடம்பு தேறியதும் காட்டுக்குத் திரும்பிவிடுவாள். பிள்ளை ஆயாக்களிடம் வளரும். பூமிகாவின் மகன் அப்படி வளர்ந்தவன்தான். முதன்முதலாக அவனை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, வாசலில் நின்று ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதான். இப்போது வளர்ந்து விடுதியில் தங்கிப் படிக்கிறான், அம்மா அம்மா என்று உருகுகிறான். ஆனாலும் அந்த முந்தானை பூமிகாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மித்ராவுக்கு அது நடக்கக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம். அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் அம்மா. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும், பிள்ளை பெற்றவள் மடியில்தான் கிடக்கவேண்டும்.

பூமிகா, மித்ரா என்றதும் குளிர்சாதன அறையில் வேலை பார்க்கிறவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தாத்தாக்கள் காலத்தில் டிவி பார்த்து ஆசை ஆசையாக வைத்த பெயர்கள் எல்லாம் இப்போது அரிவாளும் கூடையுமாக முந்திரிக்காட்டில் அலைகின்றன. கீழக்காட்டிலேயே மூத்த கிழவிக்குப் பெயர் ரக்ஷிதா.

மித்ரா மேலக்காட்டு லோகித்தைக் கட்டிக்கொண்டு போனவள். போகும்போது கீழக்காட்டுப் பூச்சைக் கழுவி எடுத்தார்கள். அதற்கென்று ஒரு திராவகம். வாரக்கணக்கில் தோல் எரிந்தது, புருவம் உதிர்ந்தது, கல்யாணப் பெண் களையே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் மேலக்காட்டுப் பூச்சு. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை மறுபடி அந்தத் திராவகத்தில் இறக்க முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. பூமிகாவுக்கும் அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் வேறு வழி என்ன என்று யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

கேட்கத் தோதான ஆள் ஒருவர்தான் இருந்தார். கம்பெனியின் ரசாயனக்காரர் குணநிதி. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவர், கடலூரில் தனி அறை, மெஸ் சாப்பாடு. தலையிலிருந்து கால் வரை மூடிய உடுப்பில் காட்டுக்கு வருவார். மோப்பப் பெட்டி என்று ஒன்று வைத்திருந்தார். கையில் ஒரு பஞ்சைத் தேய்த்து அதில் போட்டால் மேலே என்ன மெழுகு இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டும். பூச்சு இருக்கிறதா என்று மாதாமாதம் மேலோட்டமாகப் பார்ப்பது அவர் வேலை. நல்ல மனிதர். கேள்வி கேட்டால் சந்தோஷப்படுகிற சாதி.

அப்படி அவர் வந்திருந்த ஒரு நாள் பூமிகா தலையிலிருந்த விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, இந்தக் கருமம் தண்ணீரில் கழுவினால் ஏன் போக மாட்டேன் என்கிறது என்று கேட்டாள். குணநிதிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அது ஆல்கேன்மா, கரி அணுவாக் கோத்த சங்கிலி. தண்ணிக்கும் அதுக்கும் ஆகவே ஆகாது. கரிக்கு நாலு கை. ரெண்டு பக்கமும் பக்கத்துக் கரியோட கையைப் பிடிச்சுக்கும். மிச்சக் கையில எல்லாம் ஹைட்ரஜன். அதோட கை நெறஞ்சு போச்சு. புதுசா யார் கையையும் பிடிக்காது, யார் வம்புக்கும் போகாது. தீ வச்சாதான் கலையும்."

ஒரே ஒரு கரி இருந்தால் மீத்தேன், அது சாண எரிவாயு என்று விளக்கினார். மூன்று நான்கு கோத்தால் சிலிண்டரில் அடைக்கிற வாயு. எட்டுக் கரி வரை போனால் பெட்ரோல். சங்கிலி நீள நீளக் கெட்டியாகிக்கொண்டே போய், இருபதைத் தாண்டினால் மெழுகு. முசுறு மேல் இருப்பதில் இருபத்தொன்பது கரி. இரண்டு காட்டுக்கும் அதுவே.

"ரெண்டுக்கும் அதேன்னா அப்புறம் எதுல வித்தியாசம்?" என்றாள் பூமிகா.

"கிளையில. கீழக்காட்டுச் சங்கிலியில பதினொண்ணாவது கரியிலேருந்து ஒரு சின்னக் கிளை. மேலக்காட்டுதுல நட்ட நடுவுல, பதினஞ்சாவதுல." அவள் இறக்கி வைத்த விறகைக் காட்டினார். "நேர்க்குச்சியா அடுக்கினா கட்டு இறுக்கமா நிக்கும். கவட்டைக் குச்சி நடுவுல வந்தா இடிக்கும்ல? அதே கதைதான். கிளை இருந்தா மெழுகு கொஞ்சம் இளகிக் கெடக்கும். எங்க இளகியிருக்குன்னு முசுறு மீசைக்குத் தெரியும்."

பூமிகா விரல் விட்டு யோசித்தாள். கூடை எண்ணிப் பழகியவள். "அந்தக் கோடியிலேருந்து எண்ணினா பத்தொன்பதுல வருது?"

எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் சின்ன எண் வருகிறதோ அதுதான் கணக்கு, உலகம் முழுக்க அதே சட்டம் என்றார் குணநிதி. முதலில் நீளமான சங்கிலியைப் பார்க்கவேண்டும், பெயர் அதை வைத்துத்தான். பிறகு கிளை எங்கே என்று முன்னால் சேர்க்கவேண்டும். கீழக்காட்டு மெழுகின் முழுப்பெயரைச் சொன்னார். பதினொன்று-மெத்தில்-நோனகோசேன். பூமிகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

"இம்மாத்தூண்டு கிளைக்கா சார் எந்தங்கச்சி எங்க வூட்டுக்கு வரக்கூடாது?"

குணநிதி அவள் முகத்தைப் பார்க்காமல் பஞ்சை அவள் கையில் தேய்த்து, பெட்டியில் போட்டு, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கு முழி பிதுங்கியது. பெட்டி காட்டிய படத்தில் பதினொன்றிலும் கிளை இருந்தது, பதினைந்திலும் கிளை இருந்தது. இரண்டு மெழுகு கலந்திருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். ஒரே சங்கிலியில் இரண்டு கிளை. அப்படி ஒன்றை அவர் செய்யவே இல்லை.

பெட்டி பழுது என்று நினைத்துச் சென்னைக்கு அனுப்பினார். நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்பி வந்தது. மேலக்காட்டில் போய்ப் பத்துப் பேர் கையில் பஞ்சைத் தேய்த்தார். அங்கேயும் அதே இரட்டைக் கிளை. மித்ராவின் கையிலும் அதுதான். குணநிதிக்கு மண்டை காய்ந்தது. அடுத்த காட்டு ஆட்களின் தோலைத் தொடக்கூடாது, தொட்டால் கிருமி கலந்துவிடும் என்று பூச்சு தேய்க்கும்போதே எல்லோரிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார்கள். யாராவது தொட்டீர்களா என்று பூமிகாவிடம் கேட்டார். இல்லவே இல்லை என்றாள். அவள் பொய் சொல்கிறவளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கையைப் பார்க்க வண்டிப்பாதைக்குப் போவேன், நீங்களும் வந்து அவளுக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று பூமிகா கூப்பிட்டாள். இரண்டு காட்டுக்கும் நடுவில் ஓடுகிற மண்பாதை அது. இருபுறமும் மரக்கிளைகளை வெட்டி, ஓரத்தில் சாம்பலும் சுண்ணாம்பும் கொட்டியிருந்ததால் முசுறு அங்கே வராது. பிரிந்து கிடந்த சொந்தபந்தமெல்லாம் வாராவாரம் அங்கேதான் கூடும்.

குணநிதி போய்ச் சேர்ந்தபோது பெண்கள் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் முழங்காலுக்கு நடுவில் இன்னொருத்தி, அவள் முன்னால் இன்னொருத்தி. கீழக்காட்டுக்காரி, மேலக்காட்டுக்காரி, மறுபடி கீழக்காட்டுக்காரி. எல்லார் விரலும் முன்னால் இருப்பவளின் தலையில். பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மித்ரா பெரிய வயிற்றைச் சாய்த்துக்கொண்டு ரக்ஷிதா அத்தையின் மடியில் தலையைக் கொடுத்திருந்தாள். ஊர்க்கதையும் சிரிப்புமாக அந்த இடமே நிறைந்திருந்தது.

குணநிதி தொண்டையைச் செருமினார். தொடக்கூடாது என்று சொல்லியிருந்தோமே என்றார்.

அத்தை ஒரு பேனை நகத்தில் நசுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "தொடலியே. தலதானே பாக்குறோம்."

அத்தை குதர்க்கம் பேசவில்லை, அங்கிருந்த யாருமே பேசவில்லை. தோலைத் தொடாதே என்றார்கள். கையைக் கொடுக்கவில்லை, தோளில் கை போடவில்லை, பெற்ற மகளைக் கட்டிப்பிடிக்கக்கூட இல்லை. ஆனால் பேன் பார்ப்பது தொடுவதில் சேர்த்தியா என்று அவர்களுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அது தலைக்குச் செய்கிற காரியம். தொடாதே என்ற சொல்லை அந்த மண் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருந்தது. கேட்டுக்கொண்டே தன் வேலையைப் பார்க்கவும் அதற்குத் தெரிந்திருந்தது.

குணநிதி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். அந்தக் கிருமிக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி, உடம்பிலேயே அது அதிகமாகக் கொழித்துக் கிடப்பது தலையில்தான் என்று பூமிகாவிடம் சொன்னார். பூச்சைச் சோதித்துப் பார்த்ததெல்லாம் அவரைப் போலத் தனி அறையில் இருக்கிறவர்கள் மேல். ஒருத்தர் தலையை ஒருத்தர் மணிக்கணக்கில் மடியில் வாங்கிக்கொள்வார்கள் என்பது அவர்கள் யாருடைய கணக்கிலும் இல்லை. இரண்டு கிருமியும் ஒரே தலையில் குடித்தனம் நடத்தி, ஒன்றின் வித்தையை ஒன்று கற்றுக்கொண்டு, இரண்டு கிளையும் வைத்துச் சங்கிலி செய்யத் தொடங்கியிருக்கின்றன. பெண்கள் மரத்தடியில் நிற்கும்போது முசுறு மேலே ஏறித் தடவிவிட்டுக் கூட்டுக்குப் போகும். அங்கே ஒன்றையொன்று நக்கித் துடைத்துக்கொள்ளும். அப்படியானால் மரத்தில் இருப்பவையும் இந்நேரம் மாறியிருக்க வேண்டும்.

பூமிகா எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். "அப்படின்னா எந்தங்கச்சி வரலாமா சார்?"

அவசரப்படாதே என்றார். ஒரு கண்ணாடி டப்பாவில் கீழக்காட்டு முசுறைப் பிடித்துப் போட்டார். மேலக்காட்டிலிருந்து ஒன்றைப் பிடித்து வந்து அதே டப்பாவில் விட்டார். முன்பெல்லாம் இப்படிச் செய்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒன்று இன்னொன்றைத் துண்டு துண்டாக்கிவிடும். பெண்கள் எல்லாம் தலைகளை முட்டிக்கொண்டு டப்பாவைச் சுற்றிக் குனிந்தார்கள். இரண்டு முசுறும் எதிரெதிரே வந்து நின்றன. மீசையால் தடவிக்கொண்டன. பிறகு ஒன்று வாயைத் திறக்க, மற்றது தன் வயிற்றிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அதன் வாயில் வைத்தது.

"சோறு ஊட்டுதுடி" என்றாள் மித்ரா.

கம்பெனிக்குத் தெரிந்தால் எல்லோரையும் திராவகத்தில் முக்கி எடுத்துப் பழையபடி ஆக்கிவிடுவார்களே என்று மித்ராவோடு வந்திருந்த லோகித் பயந்தான். குணநிதி தலையை ஆட்டினார். ஆட்களை மட்டும் கழுவிப் பிரயோசனமில்லை, காட்டிலுள்ள அத்தனை முசுறையும் கொல்லவேண்டும். கொன்றால் கொசு வந்துவிடும், அடுத்த வருஷம் ஒரு கொட்டை கிடைக்காது. முதலாளிகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரலாமே தவிர வேறெதுவும் செய்ய முடியாது. தன் வேலை போனாலும் போகும் என்றார், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் சிரிக்கவில்லை. பூமிகாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தங்கச்சி வரட்டும், பயமில்ல. ஆனா பொறக்கிற குழந்தை மேல ஒண்ணுமே இருக்காதும்மா. புதுத் தோல். முசுறுக்கு அது அந்நியம்தான். அதுக்குப் பூச்சும் பூசக்கூடாது. குழந்தைக்கு என்னால உறுதி சொல்ல முடியாது."

பூமிகா அதைத் தங்கையிடம் மறைக்கவில்லை. வெளிக்கூடத்துக்கே போய்விடுகிறாயா என்றும் கேட்டுவிட்டாள். மித்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அங்க போனா புள்ள பத்திரமாத்தான் இருக்கும் யக்கா. ஆனா அது என்னைத் தேடாது. நான் நம்ம வூட்டுக்கே வர்றேன்."

அன்றே அழைத்து வந்தாள். சாம்பல் கோட்டைத் தாண்டிக் கீழக்காட்டு முதல் மரத்தடிக்கு வந்ததும் மித்ரா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தழைகளிலிருந்து முசுறுகள் இறங்கின. அவள் கழுத்திலும் காதிலும் வயிற்றின் மேட்டிலும் ஏறித் தடவின. அவை இறங்கிப் போய்விட்டன. அக்காவும் தங்கையும் அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

குழந்தைக்காகப் பூமிகா வீட்டையே கோட்டையாக்கினாள். கூரைமேல் சாய்ந்த கிளைகளை வெட்டினாள். சுற்றிலும் சாம்பல் கொட்டினாள். கட்டில்கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தாள். மேலே கொசுவலை கட்டினாள். ஏதாவது ஆனால் தூக்கிக்கொண்டு ஓட, குணநிதியின் வண்டி பாதையில் தயாராக நின்றது. குணநிதி கூட்டிவந்த நர்ஸம்மா ஒருவர் மூடிய உடுப்போடு பிரசவம் பார்த்தார். ஒரு பொழுது விடியும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது, கறுப்பாக, தலைநிறைய முடியோடு. சத்தம் மட்டும் காடு முழுக்கக் கேட்டது.

செய்தி எப்படித்தான் பரவியதோ, மேலக்காட்டிலிருந்து ஜனம் திரண்டு வந்தது. பல வருஷமாக எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சாம்பல் கோட்டைத் தாண்டி, வீட்டுக்குள் வந்து, பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். வந்தவள் ஒவ்வொருத்தியும் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள், உச்சி மோந்தாள், அடுத்தவளிடம் கொடுத்தாள். குழந்தை தரையிலும் படவில்லை, கட்டிலிலும் அதிகம் கிடக்கவில்லை. பூமிகாவுக்கு அத்தனை நிறைவு. பயமும் ஒரு பக்கம் இருந்தது. யாராவது வலையைச் சரியாகச் செருகாமல் போய்விடுவார்களோ என்று ஓயாமல் எட்டி எட்டிப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் அதுதான் நடந்தது. மித்ரா குளிக்கப் போயிருந்தாள். பூமிகா அடுப்படியில் பத்தியக் குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்து பார்த்தாள். வலை ஒரு பக்கம் விலகித் தொங்கியது. கூரை வாரையிலிருந்து வலைக்கயிறு வழியாக முசுறுகள் சாரைசாரையாக இறங்கி, குழந்தையின் நெற்றிமேல் ஏறிக்கொண்டிருந்தன.

பூமிகா கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பாய்ந்து தட்டிவிட்டால் கடித்துவிடும், தட்டாவிட்டாலும் கடித்துவிடும் என்று கை பாதியில் நின்றது. முன்னால் வந்த முசுறு குழந்தையின் புருவத்தில் நின்றது. மீசையால் தடவியது. கண்ணிமையைத் தடவியது, மூக்கைத் தடவியது, உதட்டோரம் காய்ந்திருந்த பாலைத் தடவியது. பிறகு கன்னத்தில் இறங்கித் தன் பாட்டுக்குப் போனது. பின்னால் வந்தவையும் அதே வழியில் போயின. ஒன்று எங்கிருந்தோ ஒரு வண்டின் காலைத் தூக்கிக்கொண்டு குழந்தையின் மார்பைக் கடந்து போயிற்று. குழந்தை தும்மிவிட்டு மறுபடி தூங்கியது.

பூமிகா போட்ட சத்தம் அப்போதுதான் வெளியே வந்தது. பாதையிலிருந்த குணநிதி விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவள் கையைக் காட்டிய இடத்தைப் பார்த்தார். குழந்தையின் உள்ளங்காலில் பஞ்சைத் தேய்த்துப் பெட்டியில் போட்டார். படம் வந்தது. நீளமான சங்கிலி, பதினொன்றில் ஒரு கிளை, பதினைந்தில் ஒரு கிளை.

அவர் முகம் வெளுத்துவிட்டது. பச்சைக் குழந்தைக்குப் பூசக்கூடாது என்று எத்தனை தடவை சொன்னேன், யார் பூசினது என்று அதட்டினார்.

பூமிகா குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"யாரும் பூசல சார். ஆளாளுக்குத் தூக்கினோம், அவ்ளோதான்."